இருபத்தொன்பது இடத்து ஓர் எண்

(பத்மநாபபுரத்தில் மகாவீரர் ஜயந்தியையொட்டித் தமிழ்ச் சமணக் குடும்பங்களின் முன் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அறவாழி வேந்தன் அடிமலர் போற்றி.



இத்தகைய விழாக்களில் தீர்த்தங்கரர் வரலாறும் பன்னிரு சிந்தனையும் இல்லறத்தார் விரதமும் பேசப்படுவது மரபு. இன்றைய உரைக்குப் பொருளாக அமைவது ஓர் எண். அது கதையில் வரும் எண் அன்று; சமண நூல்களுள் எழுத்தெழுத்தாக வைத்துக் காக்கப்பட்ட எண். அதனை முதலில் முழுமையாகக் காண்க:

79,22,81,62,51,42,64,33,75,93,54,39,50,336

இருபத்தொன்பது இலக்கங்கள். மகாவீராசாரியர் 9ஆம் நூற்றாண்டில் இயற்றிய கணிதசாரசங்கிரகம் 24 இடங்களுக்குப் பெயர் சொல்லுகிறது. அப்பெயர்கள் முடிந்த பின்னரும் இவ்வெண் ஐந்து இடம் மிகுந்து நிற்கிறது. தொல்காப்பியம் ஐ, அம், பல் என முடியும் எண்ணுப் பெயர்களைச் சுட்டும்; தாமரை, வெள்ளம், ஆம்பல் என்பன அவை. தாமரையைப் பெயரிற் கொண்ட இப்பத்மநாபபுரத்தில் பேரெண் ஒன்றைப் பேசுவது பொருத்தமே.

இடத்திற்கு இன்னும் இரண்டு பொருத்தங்கள் உண்டு. ஒன்று, இம்மாவட்டம் சமணத்தின் பழைய இருப்பிடம். சிதறாலில் உள்ள திருச்சாரணத்து மலையில் தீர்த்தங்கரர் திருமேனிகள் பாறையில் வரிசையாக நிற்கின்றன. நாகர்கோவில் நாகராசர் கோயில் தூண்களில் பார்சுவநாதரும் மகாவீரரும் இன்றும் காட்சி தருகின்றனர். மற்றொன்று, எழுத்தால் எண்ணைக் குறிக்கும் கடபயாதி முறை செழித்து வளர்ந்த நிலம் பழைய சேரநாடும் அதன்பின் வந்த திருவிதாங்கூரும் ஆகும். பத்மநாபபுரம் அந்நாட்டின் தலைநகராக விளங்கிய ஊர். இன்று பேசப்படும் எண் நம்மை வந்தடைந்த வழிகளுள் ஒன்று அந்த எழுத்து முறை.

எண்ணின் பிறப்பு

2 என்னும் எண்ணைத் தன்னாலேயே பெருக்கினால் 4. இது முதல் வர்க்கம். 4ஐத் தன்னாலேயே பெருக்கினால் 16. இது இரண்டாம் வர்க்கம். மூன்றாம் வர்க்கம் 256. நான்காம் வர்க்கம் 65,536. ஐந்தாம் வர்க்கம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. ஆறாம் வர்க்கம் இருபது இலக்கம் உடையது: 1,84,46,74,40,73,70,95,51,616.

இந்த ஆறாம் வர்க்கத்தைத் திருவிதாங்கூர்க் குடும்பங்கள் வேறொரு வழியால் அறியும். அம்பலப்புழைப் பால்பாயசத்தின் கதையில், சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என 64 கட்டமும் நிரப்பக் கேட்கிறான் கண்ணன். அரசன் தர இயலாமற் போன அந்நெல்லின் மொத்தத்தோடு ஒன்றைக் கூட்டினால் வருவது ஆறாம் வர்க்கம்.

ஐந்தாம் வர்க்கத்தையும் ஆறாம் வர்க்கத்தையும் பெருக்குக. மேலே காட்டிய இருபத்தொன்பது இலக்க எண் கிடைக்கும். அனுயோகத்துவார சூத்திரம் மனிதரின் தொகையைக் கூறுமிடத்து இவ்வழியையே காட்டுகிறது: அத்தொகை இருபத்தொன்பது இடம் கொண்டது, ஆறாம் வர்க்கத்தை ஐந்தாம் வர்க்கத்தால் பெருக்கி வருவது, தொண்ணூற்றாறு முறை பாதியாக்கத் தக்கது. இது சுவேதாம்பர ஆகமம்.

திகம்பர மரபில் இவ்வெண்ணை நிலைநிறுத்தியவர் நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி. சிரவணபெளகொளாவில் கோமடேசுவரர் திருவுருவை எழுப்பிய சாமுண்டராயரின் காலத்தவர். அவர் பிராகிருதத்தில் அருளிய கோமடசாரத்தின் சீவகாண்டம், பரியாப்தி நிறைந்த மனிதரின் எண்ணிக்கை ஐந்தாம் வர்க்கத்தின் கனத்திற்குச் சமம் என்கிறது. சொல் வேறு, எண் ஒன்றே. ஆறாம் வர்க்கம் என்பது ஐந்தாம் வர்க்கத்தை ஐந்தாம் வர்க்கத்தால் பெருக்கியது. அதனை மீண்டும் ஒரு முறை ஐந்தாம் வர்க்கத்தால் பெருக்கின் கனம் ஆகிறது. இரு பிரிவினர் நூல்களும் இரு சொற்களால் ஒரே எண்ணிற்கு வந்து சேர்கின்றன.

வழியின் சுருக்கத்தையும் கருதுக. 2ஐ ஒவ்வொன்றாக இரட்டித்துச் சென்றால் தொண்ணூற்றைந்து பெருக்கல் வேண்டும். வர்க்க வழியே சென்றால் ஐந்து வர்க்கமும் கனத்திற்கு இரண்டு பெருக்கலும் ஆக ஏழே பெருக்கல் போதும். இன்றைய கணினிகள் பெரிய அடுக்குகளைக் கணக்கிடுவது இவ்வகை வர்க்க வழியாலேயே.

எண்ணின் இயல்புகள்

இவ்வெண்ணின் உடம்பு முழுவதும் இரண்டாலேயே ஆனது. இரண்டைத் தவிர வேறெந்தப் பகா எண்ணும் இதனை மீதியின்றி வகுக்காது. 96 முறை பாதியாக்கினால் 1 மிஞ்சும். இப்படிப் பாதியாக்கும் முறைகளின் எண்ணிக்கைக்குச் சமணக் கணிதர் இட்ட பெயர் அர்த்தச்சேதம். இரு எண்களைப் பெருக்கினால் அவற்றின் அர்த்தச்சேதங்கள் கூடும். ஓர் எண்ணை வர்க்கமாக்கினால் அதன் அர்த்தச்சேதம் இரட்டிக்கும். ஐந்தாம் வர்க்கத்திற்கு 32, ஆறாம் வர்க்கத்திற்கு 64, கூட்டினால் 96. பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் இந்நெறி 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீரசேனாசாரியர் எழுதிய தவளா உரையில் தெளிவாக வழங்குகிறது. ஐரோப்பாவில் ஜான் நேப்பியர் மடக்கைகளை வெளியிட்டது 1614இல்.

96 என்பது 2ஆலும் 3ஆலும் வகுபடும். ஆதலின் இவ்வெண் ஒரே வேளையில் வர்க்கமும் ஆகும், கனமும் ஆகும். 28,14,74,97,67,10,656 என்பதன் வர்க்கம் இது; ஐந்தாம் வர்க்கத்தின் கனமும் இது. இதனை மீதியின்றி வகுக்கும் எண்கள் 1 தொடங்கி இவ்வெண் ஈறாக 97 மட்டுமே. இத்துணைப் பெரிய எண்ணுக்கு வகுத்திகள் நூறுகூட இல்லை. அந்த 97 ஒரு பகா எண். பகா எண்ணின் கீழ் அடுக்குகள் எவ்வாறு நடக்கும் என்று பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா 1640இல் அறிவித்த விதியின்படி, இவ்வெண்ணை 97ஆல் வகுத்தால் மீதி 1 ஆதல் வேண்டும். மாணவர்கள் காகிதத்தில் வகுத்துப் பார்க்கலாம், ஆகிறது.

எண்ணை வாயாற் சொல்லும்போது ஓர் இலக்கம் பிறழ்ந்ததா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. இருபத்தொன்பது இலக்கங்களையும் கூட்டினால் 127. அதனை 9ஆல் வகுத்தால் மீதி 1. இரண்டை ஆறு முறை பெருக்கி வரும் 64ஐ 9ஆல் வகுத்தாலும் மீதி 1. 96 என்பது ஆறின் மடங்கு. ஆகவே எண்ணுக்கும் மீதி 1 ஆதல் முறை. இரண்டு வழியும் ஒத்துவருவதால் இலக்கங்கள் பழுதின்றி வந்துள்ளன என்ற நம்பிக்கை வலுப்பெறுகிறது. இருபத்தொன்பது இடங்களுள் சுழியம் ஒரே ஓர் இடத்தில் மட்டும் வருகிறது என்பதும் நினைவிற் கொள்ளத் தக்கது.

இலக்கம் இருபத்தொன்பதுதானா என்பதையும் மனக்கணக்காகக் காணலாம். இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1,024. அதாவது ஆயிரத்திற்குச் சற்று மிகுதி. தொண்ணூறு முறைக்கு அத்தகைய ஆயிரம் ஒன்பது. அதாவது ஒன்றும் இருபத்தேழு சுழியமும், சற்று மிகுதியும். எஞ்சிய ஆறு முறைக்கு 64. இரண்டு இலக்கமும் இருபத்தேழு இடமும் சேர இருபத்தொன்பது.

யாப்பில் நின்று காண்பது

தமிழ் பயின்றோர்க்கு இவ்வெண் அந்நியம் அன்று. சமணப் பெரியார் அமிதசாகரர் யாப்பருங்கலக்காரிகையில் சீர்களை வகுத்த முறையை எண்ணிப் பார்க்க. அசை இரண்டு: நேர், நிரை. ஓரசைச்சீர் 2, ஈரசைச்சீர் 4, மூவசைச்சீர் 8, நாலசைச்சீர் 16. ஓர் அசை கூடுந்தோறும் வகை இரட்டிக்கிறது. சீர் முப்பது என்று மனனம் செய்யும் மாணவர் உண்மையில் இரண்டின் அடுக்குகளையே மனனம் செய்கின்றனர்.

இதனை நீட்டுக. எண்சீர் அடி நான்கு கொண்ட ஒரு பாட்டில் ஒவ்வொரு சீரையும் மூவசைச்சீராக வைத்தால் சீர் முப்பத்திரண்டு, அசை தொண்ணூற்றாறு. தளையும் ஓசையும் நோக்காது, ஒவ்வோர் அசையும் நேரோ நிரையோ என்று மட்டும் வைத்து எத்தனை வகையாக அப்பாட்டை அமைக்கலாம்? விடை, இந்த இருபத்தொன்பது இலக்க எண். எட்டுச் சீரில் நான்கடி என்பது ஒரு சிறு பக்கத்தில் அடங்கும். அதனுள் கிடக்கும் வகைகளோ அளவிறந்தன. பேரெண் என்பது எங்கோ தொலைவில் இருப்பது அன்று; சிறு பொருள்களின் சேர்க்கையில் ஒளிந்திருப்பது.

எழுத்தில் பொதிந்த எண்

நேமிசந்திரர் விதியை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. அடுத்த காதையில் இருபத்தொன்பது இலக்கங்களையும் இருபத்தொன்பது எழுத்துகளாக வைத்தார். அந்த எழுத்து முறையே கடபயாதி. க முதல் ஒன்பது மெய்களுக்கு 1 முதல் 9. ட முதல் ஒன்பதுக்கும் அவ்வாறே. ப முதல் ஐந்துக்கு 1 முதல் 5. ய முதல் எட்டுக்கு 1 முதல் 8. ஞகரமும் தந்நகரமும் சுழியம். எண்ணை ஒன்றாமிடம் தொடங்கி வலமிருந்து இடமாக அமைத்துக்கொள்வர்.

இசை பயின்ற தாய்மார்கள் இம்முறையை மேளகர்த்தாப் பெயர்களில் அறிவர். மேசகல்யாணி என்னும் பெயரில் மே என்பது 5, ச என்பது 6. திருப்பினால் 65ஆம் மேளம். மாயாமாளவகௌளை 15. தீரசங்கராபரணத்தில் தீ என்பது 9, ர என்பது 2, திருப்பினால் 29. பத்மநாபபுரம் அரண்மனையின் நவராத்திரி மண்டபத்தைக் கண்டு வந்திருப்பீர்கள். இவ்வூரிலிருந்து ஆண்டுதோறும் சரசுவதி திருவுருவம் திருவனந்தபுரம் எழுந்தருள, அங்கு நடைபெறும் நவராத்திரி இசையரங்கில் முதல் நாளுக்குரிய இராகம் சங்கராபரணம். இருபத்தொன்பது இங்கும் வந்து நிற்பது தற்செயலே. ஆயினும் மறவாமல் இருக்க உதவும். நாராயணீயத்தின் இறுதிச் சொல், அந்நூல் நிறைவுற்ற கலிநாளை இதே முறையில் குறிக்கிறது. சேரநாட்டார் வானியலிலும் பக்தி நூலிலும் இசையிலும் வழங்கிய முறையைச் சமண முனிவர் தத்துவ நூலில் வழங்கினார்.

இங்குத் தமிழ்ச் சமணர்க்கு ஓர் இடர் உண்டு. அதனை மறைக்காமல் சொல்லுதல் வேண்டும். கடபயாதி முறை வருக்க எழுத்துகள் நான்கையும் வேறுபடுத்துவது. ககரத்தின் நான்கு ஒலிகளுக்கு 1, 2, 3, 4 என மதிப்பு வேறு. தமிழ் எழுத்தில் அந்நான்கும் ஒரே க. தகரத்தின் நான்கு ஒலிகளுக்கு 6, 7, 8, 9. தமிழில் ஒரே த. ஆகவே அக்காதையைத் தமிழ் எழுத்தில் மட்டும் பெயர்த்து எழுதினால் ஓசை ஏறத்தாழ நிற்கும், எண் போய்விடும். முன்னோர் ஏட்டில் கிரந்த எழுத்தை விடாது காத்ததற்கும், சிரீபுராணம் போன்றவை மணிப்பிரவாளத்தில் வழங்கியதற்கும் இத்தகைய தேவை ஒரு காரணம் என்று கொள்ள இடமுண்டு. இன்று கிரந்தம் படிக்கத் தெரிந்தோர் பெரும்பாலான இல்லங்களில் தாத்தா, பாட்டி தலைமுறையோடு நின்றுவிட்டனர். காதையைப் பிழையின்றி ஒப்பிக்கும் சிறுவர்க்குக்கூட அதனுள் எண் இருப்பது தெரியாமற் போகலாம்.

ஆயினும் எண் அழியவில்லை. ஏன் அழியவில்லை? அது மூன்று வழியால் காக்கப்பட்டது. எழுத்து வழி ஒன்று. ஐந்தாம் வர்க்கத்தின் கனம் என்னும் விதி வழி ஒன்று. தொண்ணூற்றாறு முறை பாதியாகும் என்னும் சோதனை வழி ஒன்று. ஏடெழுதுவோர் ஓர் எழுத்தைப் பிழைத்தாலும் விதி அதனைத் திருத்தும். விதியை ஒருவர் தவறாகக் கொண்டாலும் பாதியாக்கும் சோதனை காட்டிக் கொடுக்கும். ஓர் உண்மையை மனனத்திற்கு மட்டும் விட்டுவிடாமல், மனனம், காரணம், சோதனை என மூன்று காவலில் வைத்த அறிவு அது.

வீரசேனர் எழுப்பிய தடை

இனிச் சொல்லப்போவது இவ்வுரையின் உயிர்ப்பகுதி. இந்த எண் நேமிசந்திரர்க்கு முன்னரே சமண அறிஞரிடையே வழக்கில் இருந்தது. வீரசேனர் அதனை அறிவார். அறிந்தும் ஏற்கவில்லை.

புட்பதந்தரும் பூதபலியும் அருளிய சட்கண்டாகமம், பரியாப்த மனிதரின் தொகைக்கு எல்லை கூறுகிறது: ஆறாம் வர்க்கத்திற்கு மேல், ஏழாம் வர்க்கத்திற்குக் கீழ், கோடாகோடாகோடிக்கு மேல், கோடாகோடாகோடாகோடிக்குக் கீழ். முதலெல்லையைப் பார்ப்போம். ஆறாம் வர்க்கத்தின் அர்த்தச்சேதம் 64, ஏழாம் வர்க்கத்தினது 128. இரண்டிற்கும் நட்டநடுவில் நிற்பது 96. எனவே இருபத்தொன்பது இலக்க எண், முதலெல்லைக்கு உட்பட்டது மட்டுமன்று, அவ்விரு வர்க்கங்களுக்கும் சரியான பெருக்கல் நடுவாகவும் நிற்கிறது. இரண்டு வர்க்கங்களையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் இதே எண் வரும். எழில் மிக்க இடம்.

இரண்டாம் எல்லையில்தான் முரண் தோன்றுகிறது. கோடியைக் கோடியால் மும்முறை பெருக்கி வரும் கோடாகோடாகோடாகோடி என்பது ஒன்றும் இருபத்தெட்டுச் சுழியமும்; இருபத்தொன்பது இலக்கம் உடைய எண்களுள் மிகச் சிறியது அதுவே. அதற்குக் கீழ் என்றால் இருபத்தெட்டு இலக்கத்தைத் தாண்டுதல் கூடாது. ஐந்தாம் வர்க்கத்தின் கனமோ அவ்வெல்லையைப் போல் ஏறக்குறைய எட்டு மடங்கு.

எண் அழகாக இருக்கிறது, பலர் சொல்லுகின்றனர், நூலெல்லையோடு பொருந்தவில்லை. வீரசேனர் என் செய்தார்? நூல் மேற்கோளோடு நிறுத்திக் கொள்ளவில்லை. மனிதர் வாழும் இரண்டரைத் தீவுகளின் பரப்பைக் கணக்கிட்டார். நாற்பத்தைந்து லட்சம் யோசனை விட்டமுடைய அந்நிலப்பரப்பில் அத்தொகையினர் அடங்கார் என்று காட்டி, அக்கருத்தை விலக்கினார். 1939 முதல் இராலால் ஜெயின் பதிப்பில் தவளா அச்சேறத் தொடங்கியபோது, அதன் கணிதத்தை ஆராய்ந்த லக்னோ பல்கலைக்கழகப் பேராசிரியர் அவதேஷ் நாராயண் சிங் இப்பகுதியை எடுத்துக்காட்டினார். மூடபித்திரியில் பனையோலையில் நூற்றாண்டுகள் காக்கப்பட்டுக் கிடந்த உரை அது.

ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு முன், ஒரு துறவி, தம் மரபில் வழங்கிய எண் ஒன்றை, இடம் போதுமா என்ற கேள்வியால் சோதித்தார். இதனைச் சிறுவர்க்குச் சொல்லுதல் வேண்டும்.

அதன்பின்னர் வந்த நேமிசந்திரர் அதே எண்ணைத் தம் நூலில் வைத்தார். இருவரும் வணக்கத்திற்குரிய ஆசாரியர். இல்லங்களில் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இவ்விடத்தில் எழும்: எது சரி? அநேகாந்தம் என்று ஒரு சொல்லைச் சொல்லிக் கேள்வியை மூடிவிடுதல் எளிது. ஆனால் அது அநேகாந்தத்திற்குச் செய்யும் நியாயம் ஆகாது. ஒரே பொருளை ஒரே நோக்கில் எண்ணும்போது இரண்டு தொகை ஒருங்கே உண்மை ஆதல் இல்லை. அநேகாந்தம் கற்பிப்பது கேள்விகளைப் பிரித்து நோக்குதல். ஐந்தாம் வர்க்கத்தின் கனம் எவ்வளவு என்பது ஒரு கேள்வி. அதற்கு விடை ஒன்றே, எக்காலத்தும் எவர்க்கும் மாறாதது. மனிதர் எத்தனை பேர் என்பது வேறொரு கேள்வி; அதில் ஆசாரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு, அது ஏட்டில் பதிவாகியும் உள்ளது. முதலாவதில் ஐயம் தேவையில்லை. இரண்டாவதில் ஐயம் குற்றம் இல்லை. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாமல், எண்ணை நம்பு என்றோ எண் பொய் என்றோ பிள்ளைகளிடம் சொல்லுதல் இரு ஆசாரியர்க்கும் இழைக்கும் குறை.

எண்ணும் மனிதப் பிறவியும்

ஐக்கிய நாடுகள் அவையின் கணிப்பின்படி உலக மக்கள்தொகை 2022 நவம்பரில் 800 கோடியைத் தொட்டது. ஒன்றில் தொடங்கி 33 முறை இரட்டித்தால் 858 கோடியைக் கடந்துவிடும். தொண்ணூற்றாறு படிகளுள் இன்றைய மானிடம் முப்பத்து மூன்றாம் படியையும் எட்டவில்லை. நூல்கள் எண்ணும் மனித உலகம் இப்புவியின் எல்லையில் அடங்குவது அன்று என்பதை இவ்வொப்பீடு காட்டும்.

ஆனால் நூலின் கருத்து, மனிதர் மிகப் பலர் என்பதன்று, அதற்கு மறுதலை. நான்கு கதிகளுள் மனித கதியே எண்ணிக்கையில் சிறியது. மற்ற உயிர்களின் தொகையை அசங்கியாதம், அனந்தம் என்று சொல்லும் நூல், பரியாப்த மனிதரின் தொகையை மட்டும் எண்ணிக்கைக்குள் அடங்கும் சங்கியாதம் என்கிறது. இலக்கமிட்டு எழுத முடிந்தது என்பதே அதன் சிறுமைக்குச் சான்று. இருபத்தொன்பது இலக்கமும் அருமையைக் காட்டவே வந்தவை. கிடைத்தற்கரிய பிறவி என்பதை வெறும் உருக்கமாகச் சொல்லாமல், அளந்து சொல்ல முயன்றனர் முன்னோர்.

சீவகாண்டம் அத்தொகையில் நான்கில் மூன்று பங்கு மகளிர் என்கிறது. எண் நான்கால் மீதியின்றி வகுபடுவதால் அப்பங்கும் முழு எண்ணாக வருகிறது: 5,94,21,12,18,85,69,82,53,19,51,57,96,27,52. இந்த மண்ணில் அதற்கு ஓர் எதிரொலி உண்டு. திருச்சாரணத்து மலைக் கல்வெட்டு, ஆய் வேந்தன் விக்கிரமாதித்திய வரகுணன் காலத்தில், அரட்டநேமி படாரரின் மாணவியாகிய குணந்தாங்கிக் குறத்திகள் பொன்னணி அளித்த செய்தியைச் சொல்லுகிறது. குறத்தியார் என்பார் சமணத்தில் ஆசிரியர் நிலை பெற்ற பெண்டிர். கழுகுமலைக் கல்வெட்டுகளும் திருச்சாரணத்துக் குறத்தியாரைக் குறிக்கின்றன. இம்மலையடிவாரத்தில் கற்பித்தோர் ஆடவர் மட்டும் அல்லர் என்பது கல்லில் நிற்கிறது. கணிதம் ஆண் பிள்ளைகளுக்கு என்று எந்த இல்லத்திலேனும் இன்றும் நினைப்பு இருந்தால், அது இம்மரபிலிருந்து வந்தது அன்று.

இன்றைய கணினியில்

கணினித் துறையில் பணியாற்றும் இளைஞர்கள் இந்த எண்ணைக் கேட்டவுடன் இனங்கண்டிருக்கக் கூடும். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் டாட்நெட் அமைப்பில் பணக்கணக்குகளுக்கு வழங்கும் டெசிமல் என்னும் எண்வகை ஒன்று உண்டு. அது ஏற்கும் மிகப் பெரிய எண் 79228162514264337593543950335. கோமடசாரத்தின் எண்ணுக்கு ஒன்று குறைவு. காரணம் எளிது: அவ்வகை 96 இருமை இடங்களில் எண்ணைச் சேமிக்கிறது, அவ்விடங்கள் அனைத்தும் நிரம்பினால் வருவது தொண்ணூற்றாறாம் அடுக்கிற்கு ஒன்று குறைந்த எண். அமைத்தவர்கள் எந்தச் சமண நூலையும் பார்த்து அமைத்தவர் அல்லர். இரண்டின் அடுக்கு எவர் கையில் அகப்பட்டாலும் அதே இலக்கங்களையே தரும்.

இணையத்தின் பழைய முகவரி முறை 32 இருமை இடம் கொண்டது. அதன் முகவரிகள் மொத்தம் ஐந்தாம் வர்க்கம். உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பகிர்ந்தளிக்கப்பட்டுத் தீர்ந்தன. புதிய முறை 128 இடம் கொண்டது. அதன் முகவரிகள் ஏழாம் வர்க்கம். பழைய முகவரி ஒவ்வொன்றுக்கும் ஈடாகப் புதியவை எத்தனை? ஏழாம் வர்க்கத்தை ஐந்தாம் வர்க்கத்தால் வகுக்க. அதே இருபத்தொன்பது இலக்க எண் வந்து நிற்கும்.

இதனைக் கொண்டு, இன்றைய அறிவியல் யாவும் அன்றே சமண நூல்களில் இருந்தன என்று பெருமை பேசுதல் தகாது. இருந்ததை இருந்தபடி சொன்னாலே பெருமை குறையாது. இரண்டை அடுக்கும் நெறி இருந்தது. பாதியாக்கி அளக்கும் நெறி இருந்தது. எழுத்தில் எண்ணைப் பொதியும் நெறி இருந்தது. சொல்லப்பட்ட எண்ணைச் சோதித்து விலக்கும் துணிவும் இருந்தது. இந்நான்கும் மெய். இவற்றிற்கு மேல் ஏற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

செய்யத்தக்கவை

கேட்டு மகிழ்ந்து கலைவதற்காக மட்டும் இவ்வெண் எடுத்துரைக்கப்படவில்லை. ஒவ்வோர் இல்லத்திலும் எளிதிற் செய்யத்தக்கவை மூன்று உண்டு.

பிள்ளைகளை ஒரு விடுமுறை நாளில் அமர்த்தி, கைபேசியின்றி, ஏழு பெருக்கலால் இவ்வெண்ணைக் காணச் செய்க. முடிவில் இலக்கங்களைக் கூட்டி 127 வருகிறதா என்று பார்க்கச் செய்க. தாமே கண்ட எண்ணை எவரும் மறப்பதில்லை.

இல்லத்தில் ஏடுகளோ கிரந்தத்தில் அச்சான பழைய நூல்களோ இருந்தால், படிக்கத் தெரிந்த முதியோர் இருக்கும்போதே அவற்றைப் படித்துக் குறித்து வைத்துக் கொள்க. ககரம் நான்கும் ஒன்றாகிப் போன நாளில், எழுத்திருந்தும் எண்ணிராது.

மூன்றாவது, பிள்ளைகள் ஆகமத்தைப் பற்றிக் கேள்வி எழுப்பும்போது அஞ்சாதீர்கள். நேமிசந்திரர் காத்ததையும் சொல்லுங்கள். வீரசேனர் மறுத்ததையும் சொல்லுங்கள். காத்தவரும் மறுத்தவரும் ஒரே நெறியின் வழி நின்று, ஒரே கணக்கைக் கையாண்டவர்கள். கேட்ட பிள்ளைக்கும் அந்த வரிசையில் ஓர் இடம் உண்டு.

அறம் வளர்க. அனைத்துயிரும் வாழ்க.